நிலா ஏன் வெள்ளைப் பொட்டாக விழுகிறது?

கேள்வி: கண்ணுக்குப் பெரிசாக, கறைகளோடு தெரிகிற நிலா, படத்தில் மட்டும் வெள்ளைப் பொட்டாக விழுகிறது. செல்போனில் நைட் மோடு போட்டாலும் அப்படித்தான், இரவல் வாங்கிய கேமராவிலும் அப்படித்தான். கோளாறு எதில்?

பதில்: இரவில் எடுக்கிறோம் என்ற நினைப்பில்தான். நமக்குத்தான் இரவு, நிலாவில் நாம் பார்க்கும் பக்கம் பட்டப்பகல்; வெயிலில் கிடக்கும் பாறையை எப்படி எடுப்பீர்களோ அப்படி எடுக்க வேண்டிய பொருள் அது. கேமராவோ சுற்றியிருக்கிற கறுப்பு வானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் கதவை) அதிக நேரம் திறந்து வைக்கிறது, நிலா வெளுத்துப்போகிறது. நைட் மோடும் இதே வேலையைத்தான் இன்னும் உற்சாகமாகச் செய்யும், அதை முதலில் அணையுங்கள். பிறகு திரையில் நிலாவின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கறைகள் தெரிகிற வரை கீழே இழுங்கள். வானம் மை மாதிரி ஆனால் ஆகட்டும்.

கேமரா என்றால் மேனுவல் மோடு, அதாவது அளவுகளை நாமே வைப்பது. முழு நிலவுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/11, ஷட்டர் விநாடியில் நூறில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். அரை நிலாவுக்குத் துளையை எஃப்/5.6 வரை திறக்க வேண்டியிருக்கும் (எண் குறைந்தால் துளை பெரிது).

சரி, பெரிசு என்றீர்களே, அது மனசு காட்டும் வித்தை. வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், அடிவானத்தில் இருந்தாலும் உச்சியில் இருந்தாலும் அந்த ஒரு விரல் போதும். லென்ஸின் ஃபோகல் லெங்த்தை (அதன் மேல் மி.மீ. கணக்கில் போட்டிருக்கும் எண்ணை) 110-ஆல் வகுத்தால் சென்சாரில் (படம் பதியும் சில்லில்) விழும் நிலாவின் அளவு வந்துவிடும்: 50 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, 300-இல் 2.7 மி.மீ. அதனால் கையில் இருப்பதில் நீளமான லென்ஸைப் போடுங்கள்.

கேள்வி: ட்ரைபாடில் (முக்காலியில்) வைத்து, பௌர்ணமி அன்று எடுத்தும் பள்ளங்கள் தெளிவாக வரவில்லையே?

பதில்: பௌர்ணமிதான் அதற்கு மோசமான நாள்! அன்று வெயில் நமக்குப் பின்னாலிருந்து நேராக அடிப்பதால் நிழலே விழாது, தட்டையாகத்தான் தெரியும். அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில் வரும் அரை நிலாவை எடுங்கள். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோட்டை ஒட்டிப் பள்ளங்களின் விளிம்புகள் நீள நிழலோடு எழுந்து நிற்கும், பொழுது சாயும்போதே உயரத்தில் இருப்பதால் தூக்கம் கெடாது, அடிவானத்துக் காற்றின் கலங்கலும் குறைவு. ஃபோகஸையும் அந்தக் கோட்டின் மேலேயே, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் செய்யுங்கள். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் ட்ரைபாடில் அதை அணைத்துவிட்டு, 2 விநாடி டைமர் வையுங்கள், பட்டனை அமுக்கும் அதிர்வே போதும் படத்தைக் கெடுக்க. அப்புறம், ட்ரைபாட் இருக்கிறதே என்று ஷட்டரை விநாடிக்கணக்கில் திறந்து வைக்காதீர்கள். பூமி சுழல்வதால் நிலா தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும், நீளமான லென்ஸில் ஒரு விநாடியிலேயே இழுபட்டுத் தெரியும்.