காடரும் பட்டாவும்

கேள்வி: ஏனுங்க, ஆனைமலைல காடருங்க, மலைமலசருங்கன்னு மலைசனமெல்லாம் காலங்காலமா இருக்கறவங்க, அவங்க எதுக்குங்க பட்டா கேட்டு அலையணும்?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: வெள்ளக்காரன் காலத்து வினை அம்மணி இது. கப்பல் கட்ட ஆனைமலை டாப்ஸ்லிப் காட்டுத் தேக்க வெட்டித் தள்ளுனாங்க, அப்புறம் 1882ல மெட்ராஸ் வனச் சட்டம் கொண்டாந்து காட்ட ரிசர்வ் பண்ணி சர்க்கார் கைல எடுத்துக்கிட்டாங்க, தேன் எடுக்கறது கெழங்கு தோண்டறது எல்லாம் மலைசனத்தோட பாட்டன் காலத்து உரிமை, அத ஆபீசர் மனசு வெச்சாத்தான்னு ஆக்கி, எடம் மாத்தி மாத்தி காட்ட எரிச்சு வெள்ளாம பண்றதையும் தடுத்தாங்க. ஆனா வால்பாறைல மலமலயா காட்ட அழிச்சு எஸ்டேட் போட விட்டாங்க பாருங்க, அதான் வயிறெரியுது. சுதந்திரத்துக்கு அப்புறமும் அதே சட்டம்தான் ஓடுச்சு. 2006 வன உரிமைச் சட்டத்துலதான் இது வரலாற்று அநீதின்னே ஒத்துக்கிட்டாங்க. அந்தச் சட்டப்படி பட்டா கேட்டு கிராமசபைல மனு குடுக்கலாம், தெரிஞ்ச மலைசனம் இருந்தா கண்டிப்பா சொல்லுங்க.