ட்வீட், கார்டுராய் கார்ப்பெட்டுகள்: வாங்குமுன் புரட்டிப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் முற்றம் வைத்த பழைய வீட்டைச் செப்பனிட்டிருக்கிறோம். கூடத்துக்கு ஆறடிக்கு ஒன்பதடியில் ஒரு கார்ப்பெட் வாங்க விரும்புகிறோம். கடைகளில் இப்போது பூவும் கொடியும் போட்டவற்றைவிட, கோட்டுத் துணியான ட்வீட் போலவும், கார்டுராய் போலவும், ஜீன்ஸ் போலவும் தோன்றுகிறவற்றையே எடுத்துக் காட்டுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் ஒன்று மற்றதைவிட நான்கு மடங்கு விலை சொல்லப்படுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்தத் துணித் தோற்றம் நூலிலேயே இருக்கிறதா, மேலே அச்சிட்டதா என்பதை முதலில் பாருங்கள், விலை வேறுபாட்டின் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். மயிலாடுதுறையின் கூறைநாட்டுப் புடவையில் கட்டம் விழுவது, நிறம் மாறிய பாவும் ஊடையும் ஒன்றையொன்று கடப்பதால்தான். அதே கட்டத்தை வெள்ளைத் துணியில் அச்சடித்தும் விற்கலாம். பத்தடி தள்ளி நின்றால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கார்ப்பெட்டிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு.

ட்வீட் துணியின் அழகு, நூற்பதற்கு முன்பே பல நிறங்களில் சாயமேற்றிய கம்பளி இழைகளைக் கலந்து நூற்பதில் இருக்கிறது. அவ்வாறு நூற்ற நூலால் செய்த கார்ப்பெட்டின் ஓரத்தில் ஓர் இழையை மெல்லப் பிரித்தால், அந்த ஒற்றை இழைக்குள்ளேயே சாம்பலும் பழுப்பும் ஓரிரு நீலத் துணுக்குகளும் பின்னிக் கிடப்பதைக் காணலாம். அச்சிட்டதிலோ, நூல்முனைகளை இரண்டு விரல்களால் விலக்கினால் சாயம் பாதியிலேயே நின்று, அடியில் வெளுத்த நூல் தெரியும் வாய்ப்பு அதிகம். கார்டுராய் வகைக்குச் சோதனை இன்னும் எளிது. அதன் வரிகள், நூலை ஒரு வரிசை உயரமாகவும் அடுத்த வரிசை தாழ்வாகவும் நிறுத்துவதால் உண்டாகின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும், உழவுசாலில் இறங்கி ஏறுவதைப்போல் பள்ளமும் மேடும் தட்டுப்பட வேண்டும். விரலுக்குச் சமதளமாகவும் கண்ணுக்கு மட்டும் பள்ளமாகவும் இருந்தால், அது கருநிறக் கோடுகளால் வரைந்த நிழல் மட்டுமே. அச்சிட்டதை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அச்சின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து, கடைக்காரர் தயங்கினாலும் கார்ப்பெட்டைப் புரட்டிப் பாருங்கள். கையால் முடிச்சிட்டதானால் முன்பக்கத்து வடிவம் பின்பக்கத்திலும் தெளிவாகத் தெரியும். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை முடிச்சு என்று எண்ணவும் முடியும். பின்புறம் முழுவதும் ஒரு துணி ஒட்டப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் ஊசித் துப்பாக்கியால் நூலைச் செலுத்தி, லேடெக்ஸ் பசையால் பிடிக்கவைத்த டஃப்டெட் வகை. துணித் தோற்றக் கார்ப்பெட்டுகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. முறை குறையுள்ளதன்று, ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரையே வியர்க்கும் நம் டெல்டா வீடுகளில் அந்தப் பசைக்கு ஆயுள் குறைவு. எங்கள் வீட்டில் அப்படியொரு விரிப்பை ஐந்தாவது ஆண்டு சுருட்டி எடுத்தபோது, தரையில் அரிசி மாவு கொட்டியதைப்போல் வெண்பொடி படிந்திருந்தது. ஈரத்தில் உதிர்ந்த பசைதான் அது. புதிய விரிப்பில் பசை வாடை மூக்கைத் துளைத்தாலோ, பின்புறத்தைத் தட்டினால் பொடி உதிர்ந்தாலோ, எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் வாங்க வேண்டாம்.

நடமாட்டம் உள்ள கூடத்துக்கு, பூக்ளே துணியைப்போல் சுருள் கண்ணிகள் நிறைந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலில் மெட்டியும் கொலுசும் அணிந்து நடக்கும் வீடு நம்முடையது. மெட்டியின் முனை ஒரு கண்ணியில் மாட்டி இழுபட்டால், சில வகைகளில் அந்த வரிசையே பிரிந்து, கோடு கிழித்ததைப்போல் அடித்துணி வெளியே தெரியும். அப்படி நேர்ந்துவிட்டால் இழையை இழுக்காமல், மற்ற கண்ணிகளின் மட்டத்துக்குக் கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும்.

உங்கள் கூடத்துக்கு, உயரம் குறைந்து நூல்முனைகள் வெட்டப்பட்ட கம்பளி ட்வீட் வகையோ, மீன்முள் வடிவில் தட்டையாக நெய்த வகையோ பொருந்தும். முற்றத்துச் சாரல் படும் ஓரமானால் நீரை உறிஞ்சாத பாலிபுரோப்பிலீன் நல்லது. ஆனால் அது ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால், தூபக்காலிலிருந்து சாம்பிராணிக் கங்கு ஒன்று தெறித்தாலே ஓட்டை விழும். கம்பளி அவ்விடத்தில் கருகுமே தவிர எளிதில் பற்றிக்கொள்ளாது. ஜீன்ஸ் நிற விரிப்பைத் தேர்ந்தெடுத்தால், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நீலம் ஏறினால், அந்த நீலம் நாளை உங்கள் தரையிலும் வெள்ளை வேட்டியிலும் ஏறும்.

கேள்வி: நாங்கள் பட்டு நெய்யும் குடும்பத்தினர். பட்டுப் புடவையைப்போல் மின்னும் ஒரு கார்ப்பெட்டைக் கடையில் ‘பேம்பூ சில்க்’ என்று காட்டினார்கள். அது பட்டுதானா?
(வாசகர், திருபுவனம்)

பதில்: பட்டு அன்று. மூங்கில் கூழிலிருந்து வேதிமுறையில் எடுக்கப்படும் விஸ்கோஸ் இழைக்கே அந்தப் பெயரைச் சூட்டி விற்கிறார்கள். பட்டுப்புழுவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உங்களுக்குத் தெரிந்த சோதனையே இங்கும் போதும். ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்தினால், பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தந்து, நசுக்கினால் பொடியும் கரியாகும். விஸ்கோஸ் காகிதத்தைப்போல் எரியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். விஸ்கோஸ் ஈரத்தில் வலுவிழக்கும் இழை. தண்ணீர் சிந்திய இடம் மஞ்சளித்துப்போய், நூல்முனைகள் விறைத்து நிற்கும். மின்னும் அழகுக்காக வாங்குவதானால் காலடி படாத அறைக்கு வாங்குங்கள். பில்லில் ‘சில்க்’ என்று எழுத விடாமல், ‘விஸ்கோஸ்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் ட்வீட் நெசவு என்று படம் பார்த்து வாங்கிய கார்ப்பெட், வந்தபோது அச்சிட்ட மெல்லிய பாலியஸ்டர் விரிப்பாக இருந்தது. தள்ளுபடிப் பொருள் என்பதால் திரும்பப் பெற முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: தள்ளுபடியில் விற்றது என்பது அவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண அவர் கடமைப்பட்டவர். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அடுத்த படி திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். விளம்பரப் பக்கம் எந்த நேரமும் மாற்றப்படலாம் என்பதால், அதன் படத்தை இன்றே எடுத்து வையுங்கள். கார்ப்பெட்டின் முன்பக்கம், பின்பக்கம், நூல்முனையை விலக்கினால் தெரியும் வெள்ளை அடி ஆகியவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் புகாருடன் இணையுங்கள்.