சீரியோஸ் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் மாத்திரை தேவைப்படாதா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். வயது 54. சில வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. போன மாத ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 152. டாக்டர் அடோர்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை எழுதிக் கொடுத்தார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. சீரியோஸ் என்ற ஓட்ஸ் காலை உணவின் பெட்டியில் இதயப் படம் போட்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்று எழுதியிருக்கிறது. அதில் தேன் சேர்த்த வகையைத் தினமும் காலையில் ஒரு கப் சாப்பிடுகிறேன். மூன்று மாதம் இப்படியே பார்த்துவிட்டு மாத்திரையைப் பற்றி முடிவு செய்யலாமா?

பதில்: வேண்டாம். மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்டியில் எழுதியிருப்பது பொய் இல்லை. ஆனால் அது உங்களுக்கு எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் இப்படிச் சொல்வதன் காரணம் புரியும்.

ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. குடலில் தண்ணீரோடு சேர்ந்து அது கூழ்போல் ஆகி, பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்க ஈரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்போது எல்டிஎல் கொஞ்சம் குறைகிறது. இது நன்கு நிரூபிக்கப்பட்ட விஷயம்.

சீரியோஸை ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1941-ல் சீரிஓட்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஆட்சேபிக்கவே, 1945-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. அன்றைக்கு இதயம், கொலஸ்ட்ரால் என்ற பேச்சே விளம்பரத்தில் கிடையாது. சமைக்க வேண்டியதில்லை, பாலை ஊற்றினால் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி. 1950-களில் தொலைக்காட்சி வந்த பிறகு, சீரியோஸ் சாப்பிட்டதும் பலம் வந்து ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் கார்ட்டூன் சிறுவனைக் காட்டிப் பிள்ளைகளிடம் விற்றார்கள். 1997-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ ஓட்ஸ் உணவுகளுக்கு ஓர் அனுமதி கொடுத்தது. தினமும் 3 கிராம் கரையும் நார்ச்சத்தை ஓட்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு, நிறைவுற்ற கொழுப்பும் (நெய், வெண்ணெயில் இருப்பது) கொலஸ்ட்ராலும் குறைவாகச் சாப்பிட்டால், இதய நோய் அபாயம் குறையலாம் என்று பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். 'குறையலாம்' என்பதையும், அந்த 3 கிராமையும் கவனியுங்கள். நம் கண்ணில் படுவது இதயப் படம் மட்டும்தான்.

அப்புறம் விளம்பரம் ஒரு படி மேலே போனது. ஆறே வாரத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் சராசரியாக 4 சதவீதம் குறையும் என்று பெட்டியில் அச்சிட்டார்கள். 2009 மே மாதம் எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: இத்தனை வாரத்தில் இத்தனை சதவீதம் குறையும் என்று சொன்னால் அது மருந்துக்குச் சொல்லும் வாக்கு, அப்படிச் சொல்ல மருந்துக்குரிய அனுமதி வாங்க வேண்டும் என்று. நான் அந்தக் கடிதத்தின் பக்கம்தான். உங்களைப் போல ஒருவர் மாத்திரைச் சீட்டையும் உணவுப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை வரக்கூடாது.

அந்த 4 சதவீதமும் எப்படி வந்தது? ஒன்றரை கப் வீதம் தினமும் இரண்டு வேளை, அதாவது மூன்று கப், அதுவும் கொழுப்பு குறைந்த உணவோடு. உங்கள் 152-ல் 4 சதவீதம் என்றால் 6. மூன்று கப்பும் சாப்பிட்டால்கூட 146-ல்தான் நிற்பீர்கள். இரண்டு வெவ்வேறு நாளில் ரத்தம் எடுத்தாலே எல்டிஎல் இதைவிட அதிகமாக மாறும். மிதமான அளவு அடோர்வாஸ்டாடின் 30 சதவீதத்துக்கும் மேல் குறைக்கும், எல்டிஎல் 106-க்குக் கீழே போய்விடும். சர்க்கரை நோயாளிகளுக்கு 70-க்குக் கீழே என்பதுதான் இலக்கு. 40 முதல் 75 வயது வரை உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு எல்டிஎல் பெரிதாக ஏறாவிட்டாலும் ஸ்டாடின் (அடோர்வாஸ்டாடின் போன்ற மருந்து வகை) கொடுப்பதுதான் வழக்கம். ஆகவே உங்கள் டாக்டர் அவசரப்பட்டு எழுதிவிடவில்லை.

நீங்கள் சாப்பிடுவதோ 1979-ல் வந்த ஹனி நட் வகை. இதைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன். சாதா சீரியோஸில் 28 கிராமுக்குச் சர்க்கரை சுமார் 1 கிராம். ஹனி நட்டில் அதே எடைக்கு 9 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் மேல். கரையும் நார்ச்சத்தும் சாதாவைவிடக் குறைவு. பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் சத்து அட்டவணையில் 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள்.

சரி, சாதா வகையையே மூன்று கப் சாப்பிடலாமா என்றால், உங்களுக்கு அதுவும் வேண்டாம். பால் சேர்க்காமலே 60 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். மாவாக அரைத்து, வேகவைத்து, பொரியவைத்த தானியம் என்பதால் சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஓட்ஸின் பலன் வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்காத முழு ஓட்ஸையோ உடைத்த ஓட்ஸையோ கஞ்சியாகக் காய்ச்சிக் குடியுங்கள். உலர்ந்த ஓட்ஸ் சுமார் 60 கிராமில் அந்த 3 கிராம் நார்ச்சத்து கிடைத்துவிடும். இதிலும் மாவுச்சத்து 40 கிராம் அளவுக்கு இருக்கிறது. அதனால் முதல் சில நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். ஏறினால் அளவைப் பாதியாக்கி, ஒரு முட்டையோ கொஞ்சம் பாதாமோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை இன்றே ஆரம்பியுங்கள். 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி லிப்பிட் டெஸ்ட் (கொலஸ்ட்ரால் ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொல்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள். தசை வலி, வழக்கத்துக்கு மாறான சோர்வு வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கும் மாற்றலாம். சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே போய்ப் பாருங்கள்.