தண்ணீரில் உப்பு பரவும் வேகத்தை எளிய பொருட்களை வைத்து அளக்க முடியுமா?

முடியும். “டம்ளரில் உப்பு போட்டால் ரெண்டு நிமிஷத்தில் பரவிடுதே, இதில் அளக்க என்ன இருக்கு?” என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். கலக்கிவிட்டுப் பார்த்திருப்பீர்கள். அப்போது ஓடுவது தண்ணீர்; உப்பு அதோடு சேர்ந்து போகிறது. தண்ணீர் அசையாமல் இருந்தால், சாப்பாட்டு உப்பு 1 செ.மீ. நகரவே சுமார் 9 மணி நேரம் ஆகும். 10 செ.மீ.க்கு ஒரு மாதத்துக்கும் மேல்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் கேரளாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சி எல்லை ஒட்டினாற்போல இருக்கும். பி.எஸ்ஸி. கடைசி வருஷப் புராஜெக்டுக்கு இதைத்தான் எடுத்தேன். 2 மி.மீ. துளை, 3 செ.மீ. நீளம் உள்ள கண்ணாடிக் குழாய், ஒரு முனை மூடியது. அதில் 1 மோலார் (லிட்டருக்குச் சுமார் 58 கிராம்) உப்புக் கரைசலை நிரப்பி, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீருக்குள் வைக்க வேண்டும். உப்பு கூடக்கூடத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும்; அதை அளக்கும் கடத்துத்திறன் மீட்டர் வெளியே வரும் உப்பைக் காட்டிவிடும்.

உப்பு கீழேதானே இறங்கும் என்று குழாயின் வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்துவிட்டேன். பீக்கருக்குப் பின்னால் விளக்கு இருந்தது. குழாயின் வாயிலிருந்து கண்ணாடி இழை மாதிரி ஒரு கோடு நெளிந்து நெளிந்து அடி வரைக்கும் இறங்கியது. அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மணி நேரத்தில் முக்கால்வாசி உப்பு வெளியே வந்துவிட்டது. கணக்குப் போட்டால் பரவல் குணகம், அதாவது உப்பு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்லும் எண், புத்தக மதிப்பைப் போல ஏறக்குறைய 20 மடங்கு.

“ஏம்மா, இது பரவலே இல்ல, ஊத்தியிருக்கே” என்றார் சார். சொன்னது சரிதான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. ரெக்கார்டில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

காரணம் எடை. உப்புக் கரைசல் தண்ணீரைவிடக் கனம், அதனால் மேலே வைத்தால் கொட்டும். ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் ஃபிக் 1855இல் பரவல் விதியைச் சோதித்தபோது உப்பை அடியிலும் நல்ல தண்ணீரை மேலேயும்தான் வைத்தார். அதைப் படித்த அன்றைக்கே குழாயை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்தேன்.

அது மார்கழி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை இரவெல்லாம் ஆட்டும். மேசை அதிர்ந்தால் கணக்குப் போச்சு. பீக்கரை மூடி, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, ஸ்டோர் ரூம் கடப்பாக் கல் மேல் வைத்தேன். அளவெடுக்கும் முன் மட்டும் கண்ணாடிக் குச்சியால் மெல்ல ஒரு சுற்று. வேகமாகச் சுற்றினால் குழாயின் வாயிலிருந்து கரைசல் பிடுங்கிக்கொண்டு வரும். மூன்றாம் நாள் காலையில் குழாயில் கால்வாசி உப்பு மீதி இருந்தது. பரவல் குணகம் நொடிக்கு 1.6 × 10⁻⁹ சதுர மீட்டர் வந்தது. 25 டிகிரிக்குப் புத்தகத்தில் 1.5ஐ ஒட்டி இருக்கிறது. எங்கள் அறை அதைவிடச் சூடு.

லேசர் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் கோடுகளை வைத்து அளக்கும் லேசர் குறுக்கீட்டு முறை இருக்க இது எதற்கு என்று யாராவது கேட்பீர்கள். அந்த முறை இதைவிடப் பல மடங்கு துல்லியம், மறுக்கவில்லை. கையில் இருப்பதை வைத்துச் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பத்தாவது வரை நான் தமிழ் வழி. இந்தப் பரவலைத் தமிழில் ‘விரவுதல்’ என்று படித்தேன், பிளஸ் டூ வகுப்பில் மலையாளத்தில் ‘வியாபனம்’ என்றார்கள். ரெண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிய ஒரு மாசம் ஆனது, அதற்குள் ஒரு பரீட்சையில் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். எல்லைப் பிள்ளைகளுக்கு ரெண்டு மொழிச் சொல்லையும் சேர்த்து அச்சடித்த ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம். அந்த மார்க் இன்னும் மனசில் உறுத்துகிறது.

சரி, நீங்கள் செய்யும்போது ஒவ்வொரு அளவோடும் தண்ணீரின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பரவல் குணகம் ஒரு டிகிரிக்கு 2 சதவீதத்துக்கும் மேல் மாறும்.