ஹார்டனரைக் கூட்டினால் பசை சீக்கிரம் இறுகுமா?

உடைந்த நாற்காலிக் காலை இரண்டு குழாய் எபாக்சி பசையால் ஒட்டியிருக்கிறார் ஒரு வாசகர். சம அளவு கலக்க வேண்டியதை, சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை மட்டும் இரண்டு பங்கு விட்டிருக்கிறார். மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. விற்றவரிடம் கேட்டால், “மேலே இன்னும் கொஞ்சம் ஹார்டனர் தடவுங்கள், சரியாகிவிடும்” என்றாராம். தடவலாமா என்று கேட்கிறார்.

தடவவே கூடாது. எபாக்சியில் ஹார்டனர் என்பது வினையை விரட்டுவதற்காகச் சேர்க்கும் மருந்து அல்ல. அதுவே பசையின் ஒரு பாகம். ஒரு குழாயில் இருக்கும் ரெசினும் மற்றதில் இருக்கும் ஹார்டனரும் ஒன்றோடொன்று பிணைந்துதான் கெட்டியான வலையாகின்றன. ஒன்று கூடிப்போனால் மிச்சத்துக்குப் பிணைய ஆள் கிடைக்காது. வலை பின்னாமல் அங்கங்கே அறுந்து நிற்கும். உங்கள் கையில் ஒட்டுவது அதுதான். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது இறுகாது.

குளிரிலும் பசை மெதுவாக இறுகும் என்பதால், முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒட்டிய இடத்தைச் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் ஒரு நாள் வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரமே போதும். அடுப்பு, நெருப்பு பக்கம் கொண்டுபோக வேண்டாம். பிசுபிசுப்பு போய்விட்டால் குளிர்தான் காரணம். போகாவிட்டால் அளவுதான் தவறு. அப்போது சுரண்டி எடுத்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

வேகம் வேண்டுமென்றால் சூட்டைக் கூட்டுங்கள், அளவை மாற்றாதீர்கள். வெப்பம் கூடக் கூட வினை எப்படி வேகமெடுக்கிறது என்பதற்கு ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889-இலேயே கணக்குச் சொல்லிவிட்டார். நடைமுறைக்கு, 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளலாம். 25 டிகிரியில் ஒரு நாள் பிடிப்பது 35-இல் அரை நாளில் முடியும், 15-இல் இரண்டு நாள் இழுக்கும். இந்தக் கலவை தானாகவே சூடு கிளப்பும் என்பதையும் மறக்காதீர்கள். நிறையக் கலந்து கிண்ணத்திலேயே விட்டுவைத்தால் சூடு வெளியேற வழியின்றி வேகத்தைக் கூட்டும், அந்த வேகம் மறுபடி சூட்டைக் கூட்டும். புகைந்து பிளாஸ்டிக் கிண்ணமே உருகிப்போகும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி வைத்தால் நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

பிறகு ஏன் “ஹார்டனரைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றுங்கள்” என்கிறார்கள்? பாலியெஸ்டர் ரெசின் பழக்கம்தான். கண்ணாடியிழை வேலைக்குப் பயன்படும் அந்த ரெசினில், கேட்டலிஸ்ட் (வினையூக்கி) என்று விற்கப்படும் பெராக்சைடை 100 கிராமுக்கு 1 அல்லது 2 கிராம்தான் சேர்ப்பார்கள். அங்கே ரெசின் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே பிணைந்துகொள்ளும்; பெராக்சைடு அதைத் தொடங்கி வைக்கிறது, அவ்வளவே. அதனால் அந்த வரம்புக்குள் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் தாமதமாகும். ஆனால் வரம்பு தாண்டினால் வெடிப்பு விடும், வலுவும் போய்விடும். அதே வேலையில் வேகம் கூட்ட கோபால்ட் கரைசலும் தருவார்கள். கோபால்டையும் பெராக்சைடையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே பெராக்சைடு. பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பெரிய பீப்பாயில் வாங்கி, பெயரில்லாத சிறு புட்டிகளில் பிரித்து, எல்லாவற்றையும் “ஹார்டனர்” என்று சொல்லி விற்கும் இடைத்தரகர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். எந்த ரெசினுக்கு உரியது, என்ன விகிதம், எப்போது தயாரானது எதுவும் அதில் இருக்காது. ஒரு நிறுவனத்து ரெசினோடு இன்னொன்றின் ஹார்டனரைச் சேர்த்துத் தருபவர்களும் உண்டு. ஒழுங்கான டப்பாவிலும் விகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி அச்சடிக்கிறார்கள். கண் பார்வையைப் பறிக்கக்கூடிய பொருளுக்கு, வாங்குபவர் படிக்கும் மொழியில் பெரிய எழுத்தில் நான்கு வரி போட இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லையா?

இந்த முறை ஒட்டும்போது, விகிதம் கன அளவா எடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடை என்றால் தராசு வேண்டும். பாத்திரத்தின் ஓரம், அடி எல்லாம் வழித்து இரண்டு நிமிடமாவது கலக்குங்கள். “ஐந்து நிமிடப் பசை” என்றால் ஐந்து நிமிடத்தில் பிடிக்கத் தொடங்கும் என்றுதான் அர்த்தம். முழு வலு வர ஒரு நாள் ஆகும். மிஞ்சிய கலவையில் ஒரு சொட்டை அட்டைத் துண்டில் விட்டுப் பக்கத்திலேயே வையுங்கள். இறுகியதா என்று பார்க்க அதை நகத்தால் அழுத்துங்கள், ஒட்டிய இடத்தை அசைக்க வேண்டாம்.