சாகிறது ஜவான், பதக்கம் வாங்குவது அதிகாரி என்கிறார்களே, மேஜர் ஷைத்தான் சிங் கதையும் அப்படித்தானா?

தம்பி, நீங்கள் சர்வீஸில் இருந்தவர் இல்லை என்று நினைக்கிறேன். நான் ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்ட், ஹவில்தாராகப் பென்ஷன் வந்தவன். அதிகாரிகளுக்கு ஜால்ரா அடிக்கிறான் என்று யாராவது கிளம்புவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள்மேல் எனக்குள்ள கோபத்தை எழுதினால் அது தனிப் பதிலாகிவிடும்.

ஆனால் ரெசாங் லா விஷயத்தில் இந்தப் பேச்சு எடுபடாது. 1962 சீனப் போர், நவம்பர் 18, லடாக்கில் சுஷூல் பக்கம் ரெசாங் லா கணவாய், 16,000 அடிக்கு மேலே மேஜர் தலைமையில் 13 குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. நடுவில் மலை மறித்ததால் நம் பீரங்கிகள் உதவ முடியவில்லை. ஜவான்கள் கையில் பழைய .303 துப்பாக்கி. மேஜர் ஒரு பிளாட்டூனிலிருந்து அடுத்ததற்கு ஓடி ஓடிச் சண்டையை நடத்தினார். குண்டடி பட்டதும் தூக்கி வந்தவர்களை, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். சுமார் 120 பேரில் பிழைத்தது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்கள் சொன்னதையும் முதலில் பலர் நம்பவில்லை.

மேஜருக்குப் பரம் வீர் சக்ரா, போர் வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கம். சரி, மற்றவர்களுக்கு? எட்டு வீர் சக்ரா, அதுவும் போர் வீரத்துக்கான பதக்கம்தான். அந்த எட்டில் ஒருவர்கூட கமிஷன் பெற்ற அதிகாரி இல்லை. ஜமேதார், நாயக், சிப்பாய் என்று எல்லாம் கீழ்ப் பதவிக்காரர்கள். அதில் ஒருவர் எங்கள் ஆள், நர்சிங் அசிஸ்டென்ட் தரம்பால் தஹியா. 1963 பிப்ரவரியில் தேடிப் போனவர்கள் பார்த்தபோது கையில் சிரிஞ்சும் பேண்டேஜுமாக உறைந்து கிடந்தார்.

லே பக்கம் போஸ்டிங்கில் இருந்தபோது ஆம்பூல் உறைந்துவிடாமல் இருக்க பனியனுக்குள் வைத்துக்கொள்வோம். கையுறையோடு ஊசி போட வராது. கழற்றினால் நரம்பைத் தேடுவதற்குள் விரல் மரத்துப்போகும். இத்தனைக்கும் எங்களை யாரும் சுடவில்லை. நாலா பக்கமும் குண்டு பறக்கும்போது அந்த மனிதர் அந்த வேலையைச் செய்திருக்கிறார்.

இதையெல்லாம் ஊரில் யார் கேட்கிறார்கள்? கல்யாண வீட்டுக்குப் போனால், "மாமா, இந்த மாசக் கோட்டா எடுத்தாச்சா?" என்று மிலிட்டரி கேன்டீன் சரக்கைக் கேட்டுத்தான் வருகிறார்கள். ரிட்டயர் ஆனதும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கேட்டேன். மிலிட்டரி சர்டிபிகேட் இங்கே செல்லாது, செக்யூரிட்டி வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார் அந்த மேனேஜர். உள்ளே ஒரு பையன் பாட்டி கையில் மூன்றாவது தடவையாக நரம்பைத் தேடிக் குத்திக்கொண்டிருந்தான். நான் கேட்டில் நின்று டோக்கன் கொடுக்க வேண்டுமாம்!