கிதார் வாசிக்கிறவருக்கு என்ன வாங்கலாம்?

பள்ளிக்கூடம் மூடப்போகிறது, கடைகளில் கூட்டம் தொடங்கிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்வி: வீட்டில் கிதார் வாசிக்கிற ஒருவர் இருக்கிறார், விடுமுறைக்கு அவருக்கு என்ன கொடுப்பது? சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் மகனுக்குப் பதினேழு வயது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட கிதாரைக் கீழே வைக்க மாட்டான். கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் எங்கள் வீட்டில்தான் கூடுவோம். அவனுக்குப் பிடித்ததாக ஏதாவது கொடுக்க ஆசை. எனக்குக் கிதாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனையே கேட்டால் ரகசியம் போய்விடும்.
— ஓர் அத்தை, ஃபீனிக்ஸ் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: கம்பி வாங்குங்கள் அம்மா. நல்ல கம்பியாக மூன்று நான்கு செட்.

அத்தை கொடுக்கிற பரிசு வெறும் கம்பியா என்று தயங்க வேண்டாம். டர்பன் பக்கத்து உப்புக்காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் கம்பி சீக்கிரமே கறுத்துவிடும். தினமும் வாசிக்கிற பையனுக்கு ஒரு செட் ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் பெரிது. இந்த வயதில் கைக்காசு போட்டு யார் மாற்றுகிறார்கள்? துருப்பிடித்த கம்பியிலேயே ஓட்டுவார்கள். சுருதி நிற்காது, சத்தம் மங்கிப்போகும், பையன் தன் வாசிப்பில்தான் குறை என்று நினைத்துக்கொள்வான். அப்படி மனம் விட்டுப்போய்க் கிதாரை மூலையில் சாத்திய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். புதுக் கம்பி போட்டு அதே பிள்ளையிடம் கொடுத்தால் முகமே மாறிவிடும்.

அவன் வெளியே போன நேரம் பார்த்துச் சுட்டுவிரலைக் கம்பிக்கு அடியில் விட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று இருந்து விரலில் கறுப்பு ஒட்டினால் கம்பி மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எந்த வகைக் கம்பி என்பதை மட்டும் தப்பில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய மூன்று கம்பிகளும் மீன் பிடிக்கும் நரம்பு போலப் பிளாஸ்டிக்காக இருந்து, கம்பியின் முனை பிரிட்ஜில், அதாவது மேல் பலகையில் ஒட்டியிருக்கிற கட்டையில், முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலான் கிதார். ஆறும் உலோகமாக இருந்து, பிரிட்ஜில் சின்னச் சின்னக் குமிழ் ஆணிகள் வரிசையாகத் தெரிந்தால் ஸ்டீல் அக்கூஸ்டிக். வயர் செருகி ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) போடுகிற, உள்ளே பொள்ளல் இல்லாத கட்டை என்றால் எலெக்ட்ரிக். நைலான் கிதாரில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது. ஸ்டீல் செட் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவை கொடுக்கும். நைலான் செட்டின் இழுவை 40 கிலோ அளவுதான், அந்தக் கிதாரும் அதைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. மாற்றிப் போட்டால் பிரிட்ஜ் பலகையை விட்டுப் பெயர்ந்து வரும்.

அப்புறம் கனம். கிதார் பையின் பக்கவாட்டுப் பையில் பழைய கம்பி உறை ஒன்று கட்டாயம் கிடக்கும். அதைப் போனில் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள், போதும். உறை கிடைக்காவிட்டால் ஸ்டீல் அக்கூஸ்டிக்குக்கு 12-53, எலெக்ட்ரிக்குக்கு 10-46 என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அதில்தான் வாசிக்கிறார்கள். எலிக்ஸர் மாதிரி மேல்பூச்சு போட்ட கம்பி விலை கூடுதல்தான். ஆனால் வியர்வை உள்ளே இறங்காது, நம் ஊர்க் காற்றில் அது கொடுத்த காசுக்கு உழைக்கும்.

இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் கிதார் தலையில் மாட்டிச் சுருதி பார்க்கிற கிளிப் டியூனர் ஒன்று. போனில்தான் ஆப் இருக்கிறதே என்பீர்கள். வெளியே பிராய் அடுப்பில் இறைச்சி புகைகிறது, உள்ளே சித்தப்பாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், போன் எதைக் கேட்கும்? கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வை மட்டும் பிடிக்கும், பக்கத்தில் என்ன சத்தம் இருந்தாலும் சரி. கம்பியை மீட்டுகிற பிக் (பிளாஸ்டிக் வில்லை) வாங்க நினைத்தால் அவன் மேசையில் கிடப்பது என்ன நிறம் என்று பார்த்து அதையே ஒரு டஜன் வாங்குங்கள். டன்லப் டார்டெக்ஸ் பிக்கில் நிறத்தை வைத்தே கனம் தெரியும்: ஆரஞ்சு 0.60 மில்லிமீட்டர், மஞ்சள் 0.73, பச்சை 0.88. கை பழகிய கனத்தை யாரும் லேசில் மாற்ற மாட்டார்கள். கிதார் படம் போட்ட கோப்பை, சாவிக்கொத்து, டீ ஷர்ட் எல்லாம் வேண்டாம்.

கேள்வி: மகன் வேலைக்காக ஜொஹானஸ்பர்க் போய் ஒரு வருடம் ஆகிறது. கிதாரையும் கொண்டுபோனான். ஜூலையில் பேசும்போது, கையை மேலும் கீழும் நகர்த்தினால் கிதார் கழுத்தின் ஓரம் குத்துகிறது, கம்பி கிரீச்சிடுகிறது என்றான். இங்கே இருந்தவரை ஒரு குறையும் இல்லை. டிசம்பரில் வருகிறான். வேறு கிதார் வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா. கிதார் கெடவில்லை, காய்ந்துபோயிருக்கிறது. வேறு கிதார் வாங்கிக் கொடுத்தாலும் அடுத்த ஜூலையில் அதுவும் இப்படித்தான் ஆகும்.

நம் கடற்கரையில் பிப்ரவரி மாதம் அலமாரிக் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மரம் ஈரத்தை இழுத்து ஊதுகிறது. ஜொஹானஸ்பர்க் இருக்கிற ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் நேர்மாறு. அங்கே மழை கோடையில்தான். குளிர்காலத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை, காற்றில் ஈரம் அற்றுப்போகும், அதற்கு மேல் அறையில் ஹீட்டர் வேறு. மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், கழுத்தின் குறுக்கே பதித்த பிரெட் கம்பி உலோகம், அது சுருங்காது. அதனால்தான் பிரெட்டின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் குத்துகின்றன. மேல் பலகை லேசாக உள்வாங்கும், கம்பிகள் தாழும், பிரெட்டில் உரசிக் கிரீச்சிடும். அந்த நிலையிலேயே விட்டால் ஒருநாள் பலகையில் விரிசல் விழும். உங்கள் மகன் கை சொன்னதைக் கேட்டு உங்களிடம் சொன்னது நல்லதாய்ப் போயிற்று.

கிதார் செய்கிறவர்கள் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே பரிசு இதுதான்: நன்றாக மூடுகிற கெட்டிப் பெட்டி ஒன்று, உள்ளே வைக்கச் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று, கூடவே ஈரப்பதப் பொட்டலங்கள். பொவேடா போன்ற பொட்டலங்கள் ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் இழுத்துக்கொள்ளும். 49 சதவீதம் என்று போட்டது கிதாருக்கானது. துணிப் பையில் ஈரம் நிற்காது, பெட்டிதான் வேண்டும். கம்பிகளுக்கு நடுவே தொங்கவிடுகிற ஸ்பான்ஜ் வகை மலிவு, அதுவும் வேலை செய்யும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழாதபடி பிழிந்துதான் போட வேண்டும், மறக்காமல் நனைத்துக்கொண்டும் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பொட்டலமே மேல்.

டர்பனிலேயே இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பான்ஜ் வாங்கப் போய்விடாதீர்கள். நமக்கு ஜனவரி, பிப்ரவரியில் தேவை ஈரத்தை இழுக்கிற சிலிக்கா ஜெல்தான். நம் ஊரில் பலகை மேலே உப்பும், கம்பி உயரும், விரல் வலிக்கும்.

மகன் காரில் வருகிறான் என்றால் கிதாரை டிக்கியில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வழியில் சாப்பிட நிறுத்தும் நேரத்தில் வெயிலில் நிற்கிற காரின் சூடு போதும், பிரிட்ஜை ஒட்டிய பசை இளகிவிடும். பின்சீட்டில், ஆட்களோடு, ஏ.சி. காற்றில் வரட்டும். இறங்கும்போது அதையும் கையோடு எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் கணவருக்கு அவர் அப்பா விட்டுப்போன பழைய கிதார் ஒன்று உண்டு. இளம் வயதில் நன்றாக வாசிப்பாராம். இப்போது அது அலமாரி மேல் கிடக்கிறது. எப்போதாவது எடுப்பார், இரண்டு நிமிடத்தில் விரல் வலிக்கிறது என்று வைத்துவிடுவார். ஐம்பதாவது பிறந்தநாளும் விடுமுறையில்தான் வருகிறது. புதிதாக ஒன்று வாங்கி அவரைத் திகைக்க வைக்க நினைக்கிறேன்.
— ஒரு மனைவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முதலில் அந்தப் பழைய கிதாரைக் கீழே இறக்குங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, உள்ளே என்ன முத்திரை ஒட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பெரியவர்கள் காலத்தில் பல வீடுகளில் இருந்தது இங்கேயே செய்த கேலோடோன் கிதார். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் பையனாக இருந்தபோது வாசித்ததும் தென்னாப்பிரிக்காவில் செய்த ஒரு கேலோடோன் சாம்பியன்தான்; 'பிளக்காது என்று உத்தரவாதம்' என்று அதன் உள்ளே ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. 1957 ஜூலை 6, லிவர்பூல் வூல்டன் தேவாலயத் திருவிழாவில் அவர் வாசித்ததும் பால் மக்கார்ட்னியை முதன்முதல் சந்தித்ததும் அந்தக் கிதார் காலத்தில்தான்.

உங்கள் வீட்டில் இருப்பது எதுவானாலும், விரல் வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பி உயர்ந்து நிற்பது. சோதிக்க வங்கி அட்டைகள் ஐந்து போதும். தலையிலிருந்து எண்ணி பன்னிரண்டாவது பிரெட்டுக்கு வாருங்கள், அங்கே பெரும்பாலும் இரண்டு புள்ளி இருக்கும். தடித்த கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே அட்டைகளை, எண் புடைத்திராத பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நுழையுங்கள். ஓர் அட்டை 0.76 மில்லிமீட்டர். ஸ்டீல் கிதாரில் மூன்று அட்டை கச்சிதமாக நின்றால் உயரம் சரி. ஐந்தும் தாராளமாகப் போகிறது என்றால் அதில் யார் வாசித்தாலும் விரல் வலிக்கத்தான் செய்யும். அப்படியே பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டிருக்கிறது. கம்பிகளை உடனே தளர்த்திவிட்டுப் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோங்கள்.

நல்ல கைவேலைக்காரரிடம் கொடுத்து 'செட்டப்' செய்து தாருங்கள் என்று சொன்னால் போதும். கழுத்தின் வளைவை உள்ளிருக்கும் இரும்புத் தண்டால் சரி செய்வார், தலைப் பக்கம் கம்பியைத் தாங்குகிற நட்டையும் பிரிட்ஜ் மேல் தாங்குகிற சேடிலையும் இழைத்துக் கம்பியை இறக்குவார், பிரெட்டைத் துடைத்துப் புதுக் கம்பி போடுவார். ரொம்பப் பழைய கிதாரில் அந்தத் தண்டு இல்லாமலும் இருக்கலாம், அதை அவரே பார்த்துச் சொல்வார். புதுக் கிதார் விலையில் சிறு பங்குதான் ஆகும். அப்பா கை பட்ட கிதார் மறுபடி பேசுவதற்கு ஈடாகப் புதிதாக எதை வாங்குவீர்கள்? டிசம்பரில் இவர்களிடம் வேலை குவியும், இன்றைக்கே கேட்டு வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேல் ஏற்ற வேண்டாம். ஹாலில் ஒரு ஸ்டாண்டு வாங்கி, வெயில் படாத இடத்தில் நிறுத்துங்கள். கண்ணில் பட்டால்தான் கை போகும்.

கேள்வி: பேத்திக்கு எட்டு வயது. கிதார் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பொம்மைப் பகுதியில் ரோஜா நிறத்தில் ஒன்று மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?
— ஓர் ஆயா, டொங்காட்

பதில்: அதை வாங்காதீர்கள் ஆயா. பொம்மைக் கிதாரில் சுருதி நிற்காது. குழந்தை சரியாக விரல் வைத்தாலும் அபசுரம்தான் வரும், ஒரு வாரத்தில் ஆசை போய்விடும். இசைக் கருவிக் கடையில் நைலான் கம்பி போட்ட அரை அளவு அல்லது முக்கால் அளவு கிதார் கேளுங்கள். பிஞ்சு விரலுக்கு நைலான்தான் நல்லது. பேத்தியையும் கூட்டிப்போங்கள். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்ததும் தோள் தூக்காமல் வலக்கை விழுகிறதா, இடக்கை முழங்கை முழுக்க நீட்டாமல் முதல் பிரெட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் அளவு சரி. திடீர்ப் பரிசாக இல்லாமல் போனாலும் பரவாயில்லை, தானே தேர்ந்தெடுத்த கிதார் என்ற பெருமை அவளுக்கு இருக்கும்.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் ஸூலு நண்பர் மஸ்கந்தி என்கிற ஸூலு கிதார் இசை வாசிப்பார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து குழந்தைகளுக்குப் பரிசு வாங்கிவந்தார். நானும் ஏதாவது செய்ய வேண்டும்.
— ஒரு தம்பி, வெருலம்

பதில்: கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிற கிளிப். மஸ்கந்தியில் அதைக் கிதார் கழுத்தில் உயரமாக மாட்டி, கட்டை விரலாலும் சுட்டுவிரலாலும் பறித்து வாசிப்பார்கள். டர்பன் தெருக்களில் வாசித்துப் பேர் வாங்கிய ஜான் பெங்கு, புஸுஷுகேலா என்று எல்லோரும் அழைத்தவர், அந்த விரல் வாசிப்புக்கு வழி போட்டவர்களில் முதல் வரிசைக்காரர். ஸ்டீல் கிதாருக்கு வளைந்த அடிப்பாகம் உள்ள கேப்போவாகப் பார்த்து வாங்குங்கள். தட்டையானது நைலான் கிதாருக்கு. கூடவே முதல் கம்பி மட்டும் தனியாக நாலைந்து. மெல்லியது, அதுதான் முதலில் அறும்.

கேள்வி: மகன் இடக்கைக்காரன். வலக்கைக் கிதாரை வாங்கிக் கம்பியைத் திருப்பிப் போட்டால் போதாதா?
— ஓர் அப்பா, லெனேசியா

பதில்: போதாது. நட்டில் தடித்த கம்பிக்கு அகலமான பள்ளம், மெல்லியதற்குக் குறுகிய பள்ளம் வெட்டியிருக்கும். ஸ்டீல் கிதாரில் பிரிட்ஜ் மேல் இருக்கிற சேடிலும் சாய்வாக இருக்கும். திருப்பிப் போட்டால் மேலே போகப் போகச் சுருதி பிசகும். இடக்கைக் கிதாரே கேளுங்கள். கடைகளில் ஒன்றிரண்டுதான் வைத்திருப்பார்கள், சில இடங்களில் சொல்லி வைத்தால்தான் வரவழைப்பார்கள். எழுதும் கை இடக்கை என்பதற்காக மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். துடைப்பக் கட்டையைக் கொடுத்துக் கிதார் மாதிரி பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், எந்தப் பக்கம் பிடிக்கிறானோ அந்தப் பக்கத்துக் கிதார்.